கிரேசியின் மூன்று ஸ்லைடுகள்

கிரேசிக்கு வேலை வெட்டுவது. அவள் அம்மாவுக்கும் அதுதான் வேலை. அம்மா கடற்கரையிலிருந்து மீன் எடுத்து, தலைச்சுமையாக மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோய், கேட்டவர்களுக்கு வெட்டிக் கொடுத்தாள். மகள் படித்து, நாகர்கோவிலில் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, மனிதத் தசையை வெட்டுகிறாள். "அம்மைக்கு அரிவா, எனக்கு மிசின். பி.எஸ்சி. படிச்சு கண்டது அவ்வளவுதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நாம் முந்திக்கொண்டு சொன்னால் மட்டும் கோபம் வரும்.

இருபத்துமூன்று வருஷமாக அந்தக் கூடத்தில் இருக்கிறாள். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கு மருந்துத் தண்ணீர்ப் பாட்டிலில் வரும். கிரேசி அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவாள். பிறகு மிஷினில் வைத்துச் சீவுவாள். ஒரு தலைமுடியை நெடுக இருபதாகக் கீறினால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு மெல்லிசாக. மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி, டாக்டர் ராஜபாயின் மேஜையில் வைப்பாள். என்ன நோய் என்று தீர்ப்புச் சொல்வது டாக்டர். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது கிரேசி. அவள் ஏற்றிய சாட்சி குழறியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை, அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்காக.

அவளுக்குத் தம்பி ஒருவன், டைட்டஸ். பதினோரு வயது இளையவன். அப்பா நினைவில்லை, அம்மா சந்தைக்குப் போய்விடுவாள், ஆகவே அவனைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, பள்ளிக்கூடத்தை வெட்டிவிட்டுக் கடலுக்குப் போனபோது விளக்குமாற்றால் அடித்தது எல்லாம் கிரேசிதான். அம்மாவும் போன பிறகு அவனுக்கு லிஜாவைப் பார்த்துக் கட்டி வைத்தாள். தனக்குப் பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் போயிற்று. அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால், "ஒண்ண வளத்ததே போதும், இன்னொண்ணும் வேணுமா" என்பாள்.

டைட்டஸ் ஆழ்கடல் போட்டில் போகிறவன். போனால் நாற்பது நாள். ஒக்கிப் புயல் அடித்த வருஷம் அவன் போட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்த நாட்களை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பின்னால் அவள் செய்ததை நீங்கள் முட்டாள்தனம் என்று சொல்லிவிடுவீர்கள். தினமும் பூசை முடிந்ததும், எங்கோ ஒரு தீவிலோ துறைமுகத்திலோ கரையேறியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கோயிலில் ஃபாதர் வாசிப்பார். பெயர் வந்த வீட்டார் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுவார்கள். வராதவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். கிரேசி மட்டும் போகமாட்டாள். எழுந்து நின்று, "ஃபாதர், இன்னொருதரம் கூட வாசியுங்க" என்பாள். முதல் பட்டியலில் பெயர் இல்லை, திரும்ப வாசித்தும் இல்லை. இரண்டாவதிலும் அப்படியே. ஒன்பதாம் நாள் மூன்றாவது பட்டியல் வந்தது. வாசித்து முடித்தார், இல்லை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இவள் எழுந்து நின்றாள். பின்னால் ஒரு கிழவர் எரிச்சலோடு ஏதோ முணுமுணுத்தார். ஃபாதர் மறுப்புச் சொல்லாமல் மறுபடி வாசித்தார். முடித்துத் தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் நாலு பெயர் இருந்தது. பூசைக்கு நடுவே போனில் வந்ததை யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். நாலில் மூன்றாவது பெயர் டைட்டஸ்.

அன்றிலிருந்து கிரேசிக்குள் ஒரு நம்பிக்கை வேர்விட்டது. கெட்ட செய்தியை ஒருதரம் கேட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது. மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் மாறும்.

இந்தத் தை மாதம் டைட்டஸ் தன் பாட்டிலைத் தானே கொண்டு வந்தான். மூன்று நான்கு மாதமாக வயிறு சரியில்லை, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, போட்டில் கேஸ் மாத்திரை போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறான். ஆள் மெலிந்த பிறகு லிஜா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையிலிருந்து ஆறு துணுக்கு எடுத்து, பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி அவன் கையிலேயே தந்துவிட்டார்கள். அதை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். மருந்துத் தண்ணீரின் அடியில் அரிசி அளவில் வெள்ளையாகக் கிடந்தன.

"எக்கா, இது எனக்க வயிறாக்கும். தூண்டில்ல குத்த எரைக்குக்கூட காணாது" என்றான்.

கிரேசி சிரித்தாள். அதுதான் அவர்கள் அந்த விஷயத்தில் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் பாட்டிலைச் சொந்தக்காரர் தொடுவதில்லை, கூட வேலை செய்கிறவர் வாங்கிக்கொள்வார். டாக்டர் ராஜபாய் அன்றே சொன்னார், இதைக் குமாரதாஸ் செய்யட்டும் என்று. குமாரதாஸ் கிரேசியிடம் தொழில் படித்தவன், நல்ல கைதான். ஆனால் தன் தம்பியின் சதையை இன்னொருவன் வெட்டுவதா? அவன் ஒரு கீற்றுச் சுருங்க விட்டால்? தன் கையே தனக்குதவி என்று கிரேசி பாட்டிலை எடுத்துக்கொண்டாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு அவரே வருந்தினார்.

வழக்கமான சாயம் ஏற்றிய ஸ்லைடைப் பார்த்ததும் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு கிரேசியை உட்காரச் சொன்னார். சொல்லத் தேவையிருக்கவில்லை. மேஜையில் வைக்கும் முன்பே அவள் லென்ஸில் எட்டிப் பார்த்திருந்தாள். இரைப்பைப் புற்று. அதிலும் செல்கள் ஒன்றாகக் கூடிக் கட்டியாக நிற்காமல், மோதிரம் போல வீங்கித் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் ரகம்.

இன்னும் இரண்டு சோதனை வேண்டும் என்றார் டாக்டர். இரண்டுமே செல்லின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரை ஒட்டிய புரதங்களைத் தேடுகிறவை. ஒன்று ஹெர்-டூ. அது செல்லின் மேல் நிறைய இருந்தால், அதைக் குறிவைக்கும் மருந்து ஒன்று உண்டு, டைட்டஸுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். மற்றது ஈ-கேடெரின். இதைப் பற்றி டாக்டர் பல வருஷம் முன்பே அவளுக்குச் சொல்லியிருக்கிறார். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் கை அது. கட்டியாகும் செல்கள் தங்கள் மேல் பூச்சை மாற்றிக்கொள்ளும். சர்க்கரைச் சங்கிலிகளைக் கூட்டும், குறைக்கும், வேறு மாதிரிக் கோக்கும், உடம்பின் காவல்காரனுக்கே அடையாளம் தெரியாமல் போகும். சில புற்றுகளில் இந்தக் கையையே உதறிவிடும். கையை விட்ட செல் நின்ற இடத்தில் நிற்காது. ஒவ்வொன்றாக நழுவி, சுவர் தாண்டி, வயிற்றுக்குள் எங்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எதை அறுத்து எடுப்பது?

சோதனையில் கை இருந்தால் செல்லைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும். இல்லையென்றால் விழாது. கிரேசிக்கு உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது ஒரு பழுப்புக் கோடு. கோடு இருந்தால் இன்னும் முழுசாகச் சிதறவில்லை, தம்பிக்கு வழி இருக்கிறது என்று அவள் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

மகளுக்குப் பிரசவம் என்று டாக்டர் நான்கு நாள் திருவனந்தபுரம் போனார். அந்த நான்கு நாளில்தான் எல்லாம் நடந்தது.

ஈ-கேடெரினை முதலில் எடுத்தாள். அதற்குச் சாயம் ஏற்றும் முன் ஸ்லைடுகளைக் குக்கரில் வேகவைக்க வேண்டும். வீட்டில் பருப்பு வேகும் அதே குக்கர்தான். முதல் நாள் விசில் எண்ணி இறக்கி, மருந்து ஊற்றி, கழுவி, லென்ஸில் வைத்தாள். தம்பியின் நல்ல செல்கள் ஒரு மூலையில் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பழுப்புக் கோடுகள் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தன. கெட்ட செல்களைச் சுற்றி ஒன்றுமில்லை. வெறும் நீலப் புள்ளிகள், ஆளுக்கொரு திசையில்.

குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும் என்றாள். குமாரதாஸ் வளையத்தை எடுத்துப் பார்த்துத் திரும்ப மாட்டினான். சின்னத் துணுக்கு வந்தால் ஆரம்பத்திலேயே உபரியாகச் சில கீற்றுகள் சீவி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குக் கிரேசி சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்த சோதனைக்கான உபரி அது. அதிலிருந்து எடுத்து இரண்டாவது முறை செய்தாள். நல்ல செல்லில் பழுப்பு. கெட்ட செல்லில் ஒன்றுமில்லை. மருந்துப் பாட்டில் பழசு என்றாள். புதுப் பாட்டில் திறந்தாள். மூன்றாவது நாள் உபரியும் தீர்ந்துபோக, மெழுகுக் கட்டியை மறுபடி மிஷினில் ஏற்றினாள்.

"எக்கா, கொஞ்சம்தான் கெடக்கு. ஹெர்-டூவுக்கு வேணும்லா" என்றான் குமாரதாஸ்.

"எனக்குத் தெரியாதாலே?" என்றாள் கிரேசி.

தெரியும். கட்டியை ஒவ்வொரு முறை மிஷினில் ஏற்றும்போதும், மட்டம் சரியாகும் வரை சில கீற்றுகள் வீணாகும் என்றும் தெரியும். ஆறு துணுக்கில் நோய் இருந்தது இரண்டில்தான் என்றும் தெரியும். எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்தது வேறொன்று. ஒரே கண்ணாடியில், ஒரே தண்ணீரில், ஒரே மருந்தில் நல்ல செல்லுக்குப் பிடித்த சாயம் பக்கத்துச் செல்லுக்குப் பிடிக்கவில்லையென்றால் குற்றம் சாயத்தில் இல்லை. எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! இருபத்துமூன்று வருஷத்தில் முதல் முறையாகத் தன் கை தப்பாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். அந்தக் கை அப்போதும் தப்பவில்லை. மேல் கீற்றில் இல்லாவிட்டால் அடிக் கீற்றில் இருக்கும், தாளின் பின்பக்கத்தில் இருந்ததே என்று சீவிக்கொண்டே போனாள். சீவச் சீவச் சதையோடு மெழுகு வந்தது. பிறகு மெழுகு மட்டும் வந்தது.

மூன்றாவது ஸ்லைடிலும் அதேதான்.

டாக்டர் திரும்பி வந்த அன்று மூன்று ஸ்லைடையும் வெறும் மெழுகுக் கட்டியையும் மேஜையில் வைத்தாள். ஹெர்-டூ பார்க்கச் சதை இல்லை என்று சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றாக லென்ஸில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நல்ல செல்லுல பழுப்பு வந்திருக்கே, கிரேசி."

"வந்துது டாக்டர்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"பெறவு எதுக்கு" என்று தொடங்கிய டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். திட்டியிருந்தால் கிரேசி தாங்கியிருப்பாள்.

டைட்டஸுக்கு மறுபடி குழாய் விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றாயிற்று. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. பட்டியலில் தம்பியின் பெயர் வந்ததும் ஒன்பதாம் நாள்தான் என்று கிரேசிக்கு நினைவு வந்தது. அந்த ஒன்பது நாளில் அவன் வயிறு கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. ஸ்கேன் பார்த்தார்கள். உள்ளே நீர் கோத்திருந்தது, வயிற்றின் உள்விரிப்பு முழுக்கப் பரவியிருந்தது.

நீ கெடுத்த ஒன்பது நாளில் வந்தது அல்ல இது, அந்தச் செல்கள் கையை விட்டு எத்தனையோ மாதமாயிற்று, அவன் நடுக்கடலில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோதே புறப்பட்டுவிட்டன என்று டாக்டர் பலமுறை சொன்னார். உண்மைதான். கிரேசி தலையாட்டினாள். தலையாட்டுவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு.

இரண்டாவது பாட்டிலையும் டைட்டஸே கொண்டு வந்தான், இம்முறை லிஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. பாட்டிலைக் குமாரதாஸ் வாங்கிக்கொண்டான். கிரேசி தம்பியை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்து, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னாள். உன் வயிற்றில் மறுபடி குழாய் விட்டது என்னால்தான் என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தர தரம் பாத்த?"

"மூணு தரம்."

"நீ ஃபாதரையே மூணு தரம் வாசிக்க வச்சவளாச்சே" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. பிறகு, "எனக்கும் காணணும், காட்டு" என்றான்.

டாக்டரிடம் கேட்டு மூன்றாவது ஸ்லைடை வைத்துக் கொடுத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். இரவில் விளக்கு தேடிப் பழகிய கண், சீக்கிரம் பிடிபட்டது. நல்ல மூலை முதலில் வந்தது.

"வல போல இருக்கு. கண்ணி கண்ணியா, ஒரு கண்ணியும் அறல்ல."

கிரேசி ஸ்லைடை மெல்ல நகர்த்தினாள். நீலப் புள்ளிகளைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வலை அறுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு ஒரு டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை.

"மதி, போதும். பழைய எடத்துக்கே கொண்டு போ" என்றான். கொண்டுபோனாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இந்த மூலையில நான் நல்லாத்தான் இருக்கேன், எக்கா. இத களஞ்சிராத."

லிஜா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று கிரேசி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தம்பி அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான், சின்ன வயதில் அவள் அவனைத் தட்டியது போல.

குமாரதாஸ் செய்த ஹெர்-டூவிலும் ஒன்றும் இல்லை. அந்த மருந்துக்கு வழியில்லை. வேறு மருந்து ஏற்றினார்கள். ஆறு தடவை ஏற்ற வேண்டியது, மூன்றோடு உடம்பு நிறுத்தச் சொல்லிவிட்டது. கடல் பொங்கும் ஆனி மாதத்தில், போட்டுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோது, டைட்டஸ் வீட்டுக் கட்டிலில் இறந்தான். கடல் விட்டுக்கொடுத்தவனை இந்த நோய் விட்டுக்கொடுக்கவில்லை.

கிரேசி பதினாறாம் நாள் வேலைக்கு வந்தாள். சீவல் முன்பு போலவே வந்தது. அதற்காகத் தன் கையின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. மூன்றாவது ஸ்லைடு அலமாரியில், எண் போட்ட தட்டில் இருக்கிறது. அந்தப் பழுப்பு மங்காது. எப்போதாவது எடுத்து அந்த மூலையை மட்டும் பார்த்துவிட்டு, துடைத்து, எண் மாறாமல் திரும்ப வைப்பாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் நாள். கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் முன் கோயிலில் பூசை. இந்த வருஷம் அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பங்கில் இறந்தவர்களின் பட்டியலை ஃபாதர் வாசித்தார். இவர் புதியவர், இளைஞர், நிறுத்தி நிதானமாக வாசிக்கிறவர். லிஜா கிரேசியின் கையைப் பிடித்திருந்தாள். பெயர் பதினோராவதாக வந்தது, அப்பா பெயரோடு, வயதோடு, முப்பத்தாறு என்று தெளிவாக.

ஃபாதர் முடித்துவிட்டுத் தாளை மடித்தார். வழக்கம் தெரிந்த நாலைந்து பேர் கிரேசி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நிற்கவில்லை.